புது கராஜ், பேஸ்லைன் பாட்டுகளில் எம்சிக்கு எத்தனை நொடி?

பழைய_கேசட் (இழையைத் தொடங்கியவர்)

இரண்டு வாரமாக வேலைக்குப் போகிற ரயிலில் புதிதாக வந்த கராஜ், பேஸ்லைன் பாட்டுகளை (இரண்டும் இங்கிலாந்தின் கிளப் நடன இசை) மட்டும் கேட்டுக்கொண்டு போகிறேன். எம்சி, அதாவது தாளத்தின் மேல் மைக்கில் பேசுகிறவர், பெயர் போட்டிருந்தால்தான் கேட்பது என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டேன். நாற்பது பாட்டு தாண்டிவிட்டது, எரிச்சலும் சேர்ந்துவிட்டது. அதைக் கொட்டத்தான் இந்த இழை.

அட்டையில் எம்சி பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஓடவிட்டால் முதலில் கொஞ்ச நேரம் வெறும் டிரம், அப்புறம் எட்டு பார் (ஒரு பாருக்கு நாலு அடி) எம்சி, டிராப், அதாவது பேஸ் முழுசாக வந்து இறங்குகிற இடம், வந்ததும் ஆளைக் காணோம். பேஸ் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். இடையிடையே அவர் சொன்ன ஒரே ஒரு சொல்லை வெட்டி வெட்டி ஒட்டியிருப்பார்கள். மறுபடியும் அதே எட்டு பார். இரண்டரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வாசனைக்குப் போட்டுவிட்டு ஓரமாக ஒதுக்குகிற கறிவேப்பிலை கதைதான்.

கராஜில் எம்சி வெறும் பாடகர் இல்லை, அந்த ராத்திரியை நடத்துகிறவர். ஜமைக்காவில் யூ-ராய் போன்றவர்கள் சவுண்ட் சிஸ்டத்தில் மைக்கைப் பிடித்துப் பேசிய வழக்கம் லண்டனுக்கு வந்து, ஜங்கிள் என்ற நடன இசை வழியாகக் கராஜுக்குள் நுழைந்தது. அந்த நடத்துகிற தன்மை ரெக்கார்டிலும் கேட்கும். டிஜே லக், எம்சி நீட் இருவரும் செய்த ‘எ லிட்டில் பிட் ஆஃப் லக்’கைப் போட்டுப் பாருங்கள், அறைக்குள் நிற்கிற மாதிரியே இருக்கும். ஆக்சைட் அண்ட் நியூட்ரினோவின் ‘பவுண்ட் ஃபார் டா ரீலோட்’ 2000 மே மாதம் பிரிட்டன் பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பிபிசியின் ஆஸ்பத்திரி நாடகம் ‘காஷுவால்டி’யின் இசையை எடுத்து அதன் மேல் எம்சி பேசுகிற பாட்டு அது. அடுத்த வருடம் ஆகஸ்டில் சோ சாலிட் க்ரூவின் ‘21 செகண்ட்ஸ்’ முதலிடம். ஒரு கூட்டமே வரிசையில் நின்று மைக்கைக் கைமாற்றிக்கொண்ட பாட்டு.

இப்போது அந்த மாதிரி ஒன்று வருகிறதா? வருகிறது என்றால் பெயரைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

லீட்ஸ்_குளிர்

அண்ணா, கணக்கு ஒன்று கேட்கட்டுமா? ‘21 செகண்ட்ஸ்’ பாட்டில் ஒரு எம்சிக்கு எவ்வளவு நேரம்? பெயரிலேயே இருக்கிறது, 21 நொடி. அந்த வேகத்துக்கு ஏறக்குறைய 12 பார். நீங்கள் திட்டுகிற புதுப் பாட்டில் எட்டு பார் என்றால் 132 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 132 அடி) பதினாலரை நொடி. ஆறேழு நொடிக்கா இவ்வளவு கோபம்?

விளையாட்டு போகட்டும். உங்கள் பட்டியல் மொத்தமும் லண்டன். பேஸ்லைன் வடக்கே பிறந்தது, இங்கே கதை வேறு. டி2வின் ‘ஹார்ட்புரோக்கன்’ எங்கள் ஊர் லீட்ஸ் பையன் செய்தது, 2007 கடைசியில் இரண்டாம் இடம் வரை போனது. குரல் ஜோடி ஆய்ஷா என்ற பெண்ணுடையது. மறு வருடம் ‘வாட்ஸ் இட் கோனா பி’, அதுவும் இரண்டாம் இடம், அதில் பாடியது பிளாட்னம். இரண்டிலும் எம்சி கிடையாது, பெண் குரல்தான். ஹடர்ஸ்ஃபீல்ட் டிஜே க்யூ 2008இல் எம்சி போன்ஸை வைத்து ‘யூ வாட்!’ போட்டார், எனக்கு உயிர், ஆனால் அது அந்த இரண்டின் உயரத்துக்குப் போகவில்லை. 2025இல் கிரிஸ்டல் பாடிய ‘தி டேஸ்’ பாட்டின் நோஷன் ரீமிக்ஸ் முதல் பத்துக்குள் வந்ததே, அதிலும் பெண் குரல்தான். இந்த ஊர் பேஸ்லைனில் எம்சி எப்போதும் மேடை ஆள், ரெக்கார்ட் ஆள் இல்லை. இல்லாத பொற்காலத்துக்கு ஏன் அழுகிறீர்கள்?

அப்புறம் பேட் பாய் சில்லர் க்ரூவை எப்படி விட்டீர்கள்? பிராட்ஃபோர்ட் பசங்கள், பாட்டு முழுக்க மூன்று பேரும் மைக்கை விடுவதே இல்லை. ‘டிஸ்ரெஸ்பெக்ட்ஃபுல்’ 2022இல் ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம். எட்டு பார் பேசிவிட்டு ஓடிப் போகிற ஆட்களா அவர்கள்?

பழைய_கேசட்

சில்லர் க்ரூவை மறக்கவில்லை தம்பி. ஆனால் அவர்களைக் கேட்கும்போது பேஸ்லைன் தாளத்தின் மேல் ராப் பாடுகிற குழுவாகத்தான் எனக்குப் படுகிறது. அதில் டிஜே எங்கே? எம்சி யாரைப் பார்த்துப் பேசுகிறார்? பாட்டு நன்றாக இருக்கிறது, அதில் சண்டை இல்லை.

சும்மா_வந்தேன்

இந்த இரைச்சலுக்கு ஒரு இழை வேறா.

லீட்ஸ்_குளிர்

சும்மா வந்தவர் சும்மா போகலாம்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா

கேசட் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் எம்சி ரெக்கார்டிலிருந்து ஏன் ஒதுங்கினார் என்று கதைக்கும்போது இசையை மட்டும் பார்த்தால் போதாது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் என் அண்ணாவின் அறையில் ரேடியோவின் ஏரியல் கம்பியில் ஒரு கோட் ஹேங்கர் கட்டியிருக்கும். பைரேட் ஸ்டேஷன், அதாவது உரிமம் இல்லாத வானொலி, பிடிப்பதற்கு. ரின்ஸ் எஃப்எம் இன்றைக்கு மரியாதையான நிலையம், அதற்கு உரிமம் கிடைத்தது 2010இல். 1994இல் தொடங்கியதிலிருந்து அதுவரை அடுக்குமாடிக் கூரைகளில் ஏரியல் ஏற்றி ஓடிய ஸ்டேஷன் அது. எம்சி நடுவில் நிறுத்தி ஸ்டூடியோவின் கைபேசி எண்ணைச் சொல்லுவார். பாட்டு பிடித்தால் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இத்தனை மிஸ்டு கால் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு டிஜே ரெக்கார்டைப் பின்னுக்கு இழுத்து மறுபடி போடுவார், அதுதான் ரீவைண்ட், ரீலோட் என்பது. அண்ணா ஒரு நாள் அப்பாவின் போனிலிருந்து அடித்து, அவர்கள் தவறுதலாக எடுத்துவிட, காசு போனதற்கு வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த உலகத்தில் எம்சிதான் நேயருக்கும் டிஜேக்கும் நடுவில் இருந்தவர். பிறகு என்ன நடந்தது? சோ சாலிட் காலத்தில் சண்டை, துப்பாக்கி என்று பத்திரிகையெல்லாம் எழுதிக் கிளப்புகள் பயந்துவிட்டன. 2005இல் லண்டன் பொலிஸ் ‘படிவம் 696’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நிகழ்ச்சி வைக்கிறவர் யார் மேடை ஏறுகிறார்கள், அவர்களுடைய உண்மையான பெயர், முகவரி, தொலைபேசி எண், என்ன வகை இசை எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் வரப்போகிறவர்கள் எந்த இனத்தவர் என்றுகூடக் கேட்டிருந்தார்கள்! 2017இல்தான் கைவிட்டார்கள். நீங்கள் கிளப் முதலாளி என்றால் என்ன செய்வீர்கள்? எம்சி பெயரை நோட்டீஸில் போட்டால் ஆயிரம் கேள்வி, போடாவிட்டால் டிஜே ஒருத்தரோடு வேலை முடிந்தது. பல இரவுகளில் மைக்கே இருக்கவில்லை. எம்சி இல்லாத டான்ஸில் வளர்ந்த பிள்ளைகள்தான் இன்றைக்கு பாட்டு செய்கிறார்கள், அவர்களுக்கு எம்சியை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் அது அவர்கள் பிழை இல்லை.

லீட்ஸ்_குளிர்

அக்கா, அந்த மிஸ்டு கால் கதைக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன். இங்கேயும் அதே கதைதான். ஷெஃபீல்டில் சிட்னி தெருவில் இருந்த ‘நிச்’ கிளப்பில்தான் இந்த ஒலியே வளர்ந்தது, பலர் இந்த இசையையே ‘நிச்’ என்றுதான் சொல்வார்கள். 2005 நவம்பரில் முந்நூறு போலீஸ் வந்து இறங்கி இழுத்து மூடினார்கள். இரண்டு வருடம் கழித்து அதே இசை நாட்டின் இரண்டாம் இடத்தில்.

ஷெஃபீல்ட்_புதுசு

வணக்கம். நான் படிக்க வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சிட்னி தெரு வழியாகத்தான் தினமும் வகுப்புக்குப் போகிறேன், இப்படி ஒரு கதை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு அடிப்படைச் சந்தேகம், சிரிக்காதீர்கள். கராஜுக்கும் பேஸ்லைனுக்கும் காதால் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

மூன்று_டெசிபல்

புதுசு, சிரிக்க ஒன்றும் இல்லை. மேசையில் தட்டிப் பார். கராஜில், அதிலும் டூ-ஸ்டெப் என்ற வகையில், கிக் (கனமான டிரம் அடி) நாலு அடியிலும் விழாது. முதல் அடியில் ஒன்று, அப்புறம் மூன்றாவதைத் தாண்டி இடறி விழுகிற மாதிரி இன்னொன்று. ஸ்னேர் (படக்கென்று விழுகிற டிரம்) இரண்டிலும் நாலிலும். ஹை-ஹேட் (சின்னத் தாளத்தட்டு) நேராக ஓடாமல் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து போகும், நொண்டி விளையாடுகிற பிள்ளை மாதிரி. பேஸ்லைனில் நாலு அடிக்கும் கிக் உண்டு, வேகம் 135க்கு மேல், பேஸ் வளைந்து நெளிந்து மெட்டையே தூக்கிக்கொண்டு போகும். பழைய கோர்க் எம்1 கீபோர்டின் ஆர்கன் ஒலியும் அடிக்கடி கேட்கும்.

இப்போது எம்சி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் எனக்குச் சொந்தச் சூடு உண்டு. போன வருடம் நண்பன் ஒருவனை மைக்கில் வைத்து ஒரு பேஸ்லைன் பாட்டு செய்தேன். பதினாறு பார், பிரமாதமாகப் பேசினான். பீட் தனியாகக் கேட்டால் அருமை, குரல் தனியாகக் கேட்டால் அருமை. சேர்த்தால் இரண்டு பேர் ஒரே கதவில் நுழையப் பார்க்கிற மாதிரி இருந்தது. கீழே இருப்பது மட்டும் பேஸ் என்று நினைக்கிறோம், ஆனால் பேஸ்லைனின் அந்த வளைகிற சத்தம் அடியில் 50 ஹெர்ட்ஸில் தொடங்கி ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டி மேலே ஏறும். போனில் கேட்டாலும் பேஸ் தெரிவது அதனால்தான். ஆண் குரலின் கனமும் அதே இடத்தில்தான் குடியிருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். குரலுக்காக பேஸில் மூன்று டெசிபல் வெட்டினேன், பாட்டு சப்பென்று ஆனது. பேஸுக்காகக் குரலை மெலிதாக்கினேன், நண்பன் டெலிபோனில் பேசுகிற மாதிரி ஆனான். (பெயர்க் காரணம் புரிந்திருக்கும்.) கடைசியில் என்ன செய்தேன்? எட்டு பார் குரல், பேஸ் பாதி மூடி. டிராப்பில் பேஸ் முழுசாக, குரல் கிடையாது. கேசட் அண்ணா திட்டுகிற அதே பாட்டு. சோம்பேறித்தனத்தால் செய்யவில்லை, வழி தெரியாமல் செய்தேன்.

லீட்ஸ் சொன்னதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். வேகம் கூட்டிய பெண் குரல் மேலே மிதக்கும், பேஸோடு முட்டாது. சில்லர் க்ரூவும் கொஞ்சம் மேல் குரலில், மூக்கால் பேசுகிற மாதிரி வெட்டிப் பேசுகிறார்கள், அதனால் பாட்டு முழுக்க நிற்க முடிகிறது. டூ-ஸ்டெப்பில் கிக் விடுகிற ஓட்டையில் எம்சி புகுந்துகொள்வார். நாலு அடியும் அடைத்துவிட்டால் அவர் எங்கே கால் வைப்பார்?

பழைய_கேசட்

இருபது வருடமாக இதைக் கேட்கிறேன், இப்படி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. அப்படியென்றால் எம்சி ஃப்ளோடனை என்ன சொல்வீர்கள்? கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். கராஜ் தயாரிப்பாளர் சாமி விர்ஜியோடு 2023இல் ‘ஷெல்லா வெர்ஸ்’ செய்தார், அதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அங்கே குரலும் பேஸும் அடித்துக்கொள்ளவில்லையே?

மூன்று_டெசிபல்

ஏனென்றால் அங்கே குரலே பாதி பேஸ். ஸ்க்ரில்லெக்ஸ், ஃப்ரெட் அகெய்ன் இரண்டு பேரோடும் அவர் செய்த ‘ரம்பிள்’ இன்னும் நல்ல உதாரணம். அது கராஜ் இல்லை, தெரியும், யாரும் சண்டைக்கு வராதீர்கள். அதில் அவர் குரலை வெட்டி எடுத்து டிராப்பையே அதனால் கட்டியிருக்கிறார்கள். 2024இல் கிராமி வாங்கியது, கிரைம் (grime, கராஜிலிருந்து வந்த லண்டன் இசை) எம்சி ஒருவருக்கு அதுதான் முதல் கிராமி. வெட்டி ஒட்டுவது எல்லாமே கறிவேப்பிலை இல்லை அண்ணா. யார் வெட்டுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

லீட்ஸ்_குளிர்

விர்ஜி பேச்சு வந்ததால் சொல்கிறேன், ஸ்கெப்டாவோடு அவர் 2025இல் போட்ட ‘காப்ஸ் அண்ட் ராபர்ஸ்’ இந்த இழைக்கு வரவேண்டிய பாட்டு. ஸ்கெப்டா முதலில் எம்சியே இல்லை, டாட்டன்ஹாமில் மெரிடியன் க்ரூவுக்கு டிஜே. இவ்வளவு பெரிய ஆளான பிறகு கராஜ் பீட்டுக்குத் திரும்பி வருகிறார் என்றால் வழி தெரிந்த வீட்டுக்கு வருகிற மாதிரிதான். அவர் அதில் விருந்தாளி மாதிரி உட்காரவில்லை, பாட்டு அவரைச் சுற்றித்தான் ஓடுகிறது.

ஏஜே ட்ரேசியின் ‘லாட்புரோக் குரோவ்’ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019, பிரிஸ்டல்காரர் கண்டக்டா செய்த பீட், மூன்றாம் இடம் வரை போனது. எம்சி தொடக்கம் முதல் கடைசி வரை இருக்கிறார், டூ-ஸ்டெப் அவருக்கு வழிவிடுகிறது. இன்றைக்கு இந்தப் புது அலை இவ்வளவு பெரிதாக நிற்பதற்கு அந்த ஒரு பாட்டு நிறையச் செய்தது என்று நான் சொல்வேன்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா

தமிழில் இந்த இழை இவ்வளவு தூரம் வந்து, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிற ஈழத்தமிழ்ப் பெண் மாயாவின் பெயர் வராமல் போவது நியாயமா? எம்.ஐ.ஏ.வின் ‘கலாங்’கை அவரோடு சேர்ந்து செய்த ராஸ் ஓர்ட்டன், ஸ்டீவ் மெக்கி இரண்டு பேரும் ஷெஃபீல்ட்காரர்கள்தான். அவர் வீட்டில் வைத்து டெமோ செய்த பெட்டிக்குப் பெயர் ரோலண்ட் எம்சி-505. பெட்டியே எம்சி. சரி, தலைப்பை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும்.

லீட்ஸ்_குளிர்

அக்கா ரீவைண்ட் கேட்டால் மறுக்க முடியாது.

ஷெஃபீல்ட்_புதுசு

நேற்று ராத்திரி முதன்முதலாகப் போய்விட்டு வந்தேன்! இடத்தின் பெயர் வேண்டாம், ஏனென்றால் கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன். கையை உயர்த்தினால் கூரை தட்டுகிற சின்ன அறை, நூற்றைம்பது பேர் இருப்போம். எம்சி ஒருத்தர், டிஜே ஒருத்தர். முதல் அரைமணி நேரம் மைக் சத்தமே வரவில்லை. சவுண்ட் பார்க்கிறவர் குறைத்தே வைத்திருந்தார், எம்சி கையால் மேலே மேலே என்று காட்டிக்கொண்டே இருந்தார், அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் யாரோ போய்ச் சொல்லி ஏற்றினார்கள்.

நான் இங்கே படித்துவிட்டுப் போனதால் டிஜேயின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று டெசிபல் அண்ணாவுக்காக இதைச் சொல்ல வேண்டும். எம்சி பேச வாய் திறப்பதற்கு அரை நொடி முன்னால் டிஜேயின் இடது கை ஒரு திருகுக்குப் போகிறது. பேஸ் பாதியாக இறங்குகிறது, டிரம் மட்டும் சளசளவென்று ஓடுகிறது, எம்சி அந்த இடத்துக்குள் பேசுகிறார். கடைசி வரி முடிகிற சொல்லிலேயே திருகு திரும்பி வருகிறது, பேஸ் நெஞ்சில் வந்து இடிக்கிறது. ஒரே தடவை இல்லை, ராத்திரி முழுக்க இப்படித்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. எம்சி மூச்சு இழுப்பதை வைத்துக் கண்டுபிடிக்கிறாரோ என்னவோ. சில சமயம் எம்சி நான்கு சொல் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவார், அப்போது கை போகாது. அது எப்படித் தெரிந்தது என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை.

மூன்று_டெசிபல்

நான் ஆறு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடியது அந்த இடது கைதான். இப்போது ஒரு யோசனை வருகிறது. நண்பனை மறுபடி கூப்பிட்டு, பீட்டைத் தனியாக மிக்சரில் ஓடவிட்டு, அவன் பேசப் பேச நானே திருகித் திருகி ஒரே மூச்சில் பதிவு செய்தால் என்ன? பிசிறு இருக்கும். இருக்கட்டும்.

பழைய_கேசட்

செய்யுங்கள், வெட்டி ஒட்டாமல் அப்படியே இங்கே போடுங்கள். எட்டு பாரோ எண்பது பாரோ, நான் வாயைத் திறக்க மாட்டேன். நான் பழைய ரெக்கார்டில் கேட்கிற அறை இதுதான் என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது. புதுசு, நேற்று ரீலோட் எத்தனை?

ஷெஃபீல்ட்_புதுசு

ஒரே பாட்டுக்கு இரண்டு தடவை. முதல் தடவை எம்சி விரலைச் சுழற்றிக் காட்டினார், டிஜே அந்த வட்டத்தட்டை ஒரு தள்ளு தள்ளினார், பாட்டு கீச்சென்று பின்னால் ஓடியது, மொத்த அறையும் சுவரைத் தட்டுகிறது. நானும் தட்டினேன், கை இன்னும் வலிக்கிறது. மூன்றாவது தடவை கேட்டபோது டிஜே தலையை ஆட்டி முடியாது என்றார். எம்சி கழுத்தில் இருந்த துண்டை எடுத்து அவர் மேல் எறிந்துவிட்டு, மைக் இல்லாமலே அடுத்த வரியைக் கத்தினார்.

அந்தப் பாட்டு என்ன என்று போய்க் கேட்டேன். இன்னும் பெயர் வைக்கவில்லையாம், எப்போது வெளிவரும் என்று அவர்களுக்கே தெரியாதாம். போனில் பதிவு செய்தது இருக்கிறது, ஆனால் பாதி நேரம் என் சத்தம்தான் கேட்கிறது, போடட்டுமா?

ஈஸ்ட்ஹாம்_அக்கா

போடு தம்பி.